பள்ளித்திடல், கடைசி நிறுத்தம்

கடலூர் ஓ.டி.யில் ஏறிய புது ஆள்
இங்கே இறங்கியதும் கேட்பார்:
"பள்ளிக்கூடம் எங்கேங்க?"
பள்ளிக்கூடம் கிடையாது.
ஒன்றாம் வகுப்புக்கே ரெண்டு நிறுத்தம் பின்னால் போகணும்.
இருப்பது ஒரு மேடு,
மேட்டில் முந்திரி,
முந்திரிக்கு நடுவே யாருடைய ஆடோ.

எங்கள் வண்டிக்கு ரிவர்ஸ் விழாது.
டிப்போவில் மூன்று முறை எழுதிக் கொடுத்தாயிற்று.
ஆகவே தனக்கோடி அண்ணன்
மேட்டை ஒரு சுற்றுச் சுற்றித்தான்
முகத்தைக் கடலூர்ப் பக்கம் திருப்புவார்.
மேடு அவர் வலக்கைப் பக்கம் இருந்தாக வேண்டும்.
அப்போதுதான் விளிம்பு சரிகிறதா,
வேர் தட்டுகிறதா என்று தெரியும்.
நாளைக்கு எட்டு நடை.
எட்டுச் சுற்று.

தானே புயலில்
பழைய முந்திரியெல்லாம் வேரோடு மல்லாந்தபோது
வேர்கள் பிடித்திருந்தது மண்ணை அல்ல,
முழ நீளச் செங்கல்.
வளைந்து, வளைந்து, மண்ணுக்குள் போகும் வரிசை.
துறையிலிருந்து இருவர் வந்தார்கள்.
டேப்பின் ஒரு நுனியை என்னிடம் தந்து
"அசையாமல் பிடிங்க" என்றார் ஒருவர்.
"இது தூபி. அதோ, துறவிகள் இருந்த பள்ளி.
ஆயிரத்து ஐந்நூறு வருஷம் இருக்கலாம்."
இருக்கலாம் என்பதை இருமுறை சொன்னார்.
பிறகு ஒரு நீலப் பலகை வந்தது.
ஆடுகள் அதில் முதுகு தேய்க்கின்றன.

இடித்தது யார் என்று கேட்டேன்.
யாரும் இடித்த மாதிரித் தெரியவில்லையாம்.

அப்படியானால்
முதலில் துறைக்கு வரும் கலங்கள் குறைந்திருக்கும்.
பிறகு விளக்குக்கு எண்ணெய்.
எண்ணெய் அளந்த செட்டியின் மகன்
வேறொரு வாசலுக்கு எழுதி வைத்திருப்பான்.
நாற்பது ஓடு ஏந்திப் போன தெருவில்
நாலு,
பிறகு ஒன்று.
அந்த ஒருவர்
ஒரு மழைக்காலம் முழுக்கத் தனியே சுற்றியிருப்பார்
நனைந்த துவராடையைப் பிழிந்து பிழிந்து.
அடுத்த மழைக்கு
மாட்டுக்கொட்டகை ஒழுகிய எவனோ
ஒரு கல் எடுத்திருப்பான்.
ஒரே ஒரு கல்.
திரும்பித் திரும்பிப் பார்த்தபடி.

அதற்குப் பிறகு யாரும் திரும்பிப் பார்க்கவில்லை.
அஞ்சலாட்சி வீட்டுத் துவைகல்லுக்கு அடியில் நாலு,
மோட்டார் கொட்டகையில் ஒரு சுவர்,
மாரியம்மன் பீடம்,
வெள்ளைக்காரன் கட்டிய மதகில் எத்தனையோ.
"வாங்கித் தின்ன கடனை
கல்லாக் குடுத்து அடைச்சுட்டாங்கப்பா"
என்பார் தனக்கோடி அண்ணன், பீடி புகைய.

எங்களிடமும் ஒன்று இருக்கிறது.
பின்சக்கரத்துக்கு அண்டை கொடுக்கும் கல்.
நேற்று மதிய நடை முடிந்து
அவர் கடைசி சீட்டில் குறட்டை விட
கல்லை வைக்கும்போது புரட்டிப் பார்த்தேன்.
இத்தனை வருஷம் பார்க்காத பக்கம்.
ஒரு நாயின் கால் தடம்.
நாலு விரல், பின்னால் ஒரு மெத்தை.
காயப் போட்ட பச்சைக் கல்லின் குறுக்கே ஓடியிருக்கிறது.
யாரோ துரத்தியிருக்க வேண்டும்,
நகம் அவ்வளவு ஆழம்.
துரத்தியவர் கல்லைக் கழிக்கவில்லை.
சூளையில் சுட்டு
மற்றதோடு மற்றதாய் அடுக்கிவிட்டார்.
மேலே எத்தனை பேர் விழுந்து கும்பிட்டார்களோ,
உள்ளே அது பாட்டுக்கு ஓடிக்கொண்டிருந்தது.

முந்திரி உடைத்த பெண்கள் ஏறினார்கள்.
தோட்டெண்ணெய் பட்ட கறுப்பு விரல்கள்
கம்பி பிடித்த இடமெல்லாம் ரேகை.
டிப்போவில் சொன்னார்கள்:
அடுத்த மாதம் புது வண்டி,
ரிவர்ஸ் வெண்ணெய் மாதிரி விழுமாம்.
அண்ணனிடம் இன்னும் சொல்லவில்லை.

கல்லை எடுத்துப் படிக்கு அடியில் போட்டு
விசில் கொடுத்தேன்.
மேடு
ஜன்னல் ஜன்னலாக
வலப்பக்கம் நகர்ந்தது.